மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

நான் நலம். உன் அண்ணன் உடம்பளவில் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், மகள் மூவரும் சுகம்தானே? நீ செய்கிற பல் செட்டை மாட்டிக்கொண்டு ஊரே சிரிக்கிறதா? இங்கே சொந்தப் பல் இருந்தும் சிரிக்க வழியில்லை. கோபித்துக்கொள்ளாதே. நாத்தனாரை நாலு வார்த்தை குத்திப் பேசாவிட்டால் நான் என்ன அண்ணி?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் சர்வேயர் வேலையை விட்டு, அதாவது வேலை அவரை விட்டு, பதினோரு வருஷம் ஆகிறது. அவர் டேப்பை மட்டும் விடவில்லை. எங்கள் தெரு தினமும் கொஞ்சம் குறைகிறதாம். அளந்து எழுதி வைக்காவிட்டால் ஒருநாள் கடைசி வீடு விழுந்துவிடுமாம். காலை எட்டு மணிக்கு நான் தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது அவரும் கிளம்பிவிடுவார். கையில் ஸ்டீல் டேப், கக்கத்தில் ஒரு நோட்டு, காதில் பென்சில்.

டேப்புக்கு இரண்டு முனை இருக்கிறதே, மறுமுனையை யார் பிடிப்பது? முதலில் போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்து இழுத்தார். அடியும் வாங்கினார். அப்புறம் சாவி வெட்டும் கடைக்காரர்தான் ஒருநாள், "குடு சார், நான் புடிக்கிறேன்" என்று வாங்கிப் பிடித்தார். அளந்து முடித்ததும் உன் அண்ணன் நன்றி சொல்லிவிட்டு அமைதியாக நகர்ந்திருக்கிறார். அன்றிலிருந்து அது தெருவில் ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. சாவிக்காரர், சலூன்காரர், பழைய பேப்பர் கடை அக்கா, கண்ணாடி வெட்டுகிறவர் என்று வரிசையாக ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம் முனையைப் பிடித்து, நோட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். மத்தியானம் சலூனில் உட்கார வைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுத்து, மாத்திரையையும் விழுங்க வைக்கிறார்கள். மாலையில் நோட்டைப் பார்த்தாலே அவருடைய பகல் பொழுது முழுவதும் எனக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு மட்டும் தெருவில் எல்லாக் கடைக்கும் விடுமுறை. அன்று நாங்கள் இருவரும் வீட்டில் ஓய்வாக இருப்போம்.

இத்தனை இருந்தும் என்னால் முடியவில்லை. மாத்திரையால் காதில் கேட்கிற குரல்கள் குறைந்தன, அளப்பது குறையவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்தில் நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். மனைவி கையெழுத்து மட்டும் போதாதாம். கூடப் பிறந்தவர் ஒருவரும் போட வேண்டுமாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

தபால்காரர் வரும் வழியைப் பார்த்தபடி,
அண்ணி

*

பிப்ரவரி 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா? அந்தத் தெருக்காரர்களைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. சாவிக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இங்கே லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. போன வாரம் ஒரு பெரியவர், பழைய பல் எப்படிக் கோணலாக இருந்ததோ அப்படியே வேண்டும் என்று அடம்பிடித்தார். "நேரா வெச்சுட்டா எம் பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியாதும்மா" என்றார். மெழுகில் நான்கு தடவை கோணல் வைத்துப் பார்த்தேன். நேராக வைப்பதுதான் சுலபம் அண்ணி, சரியான கோணலுக்குத்தான் நாளாகிறது.

ஒரு சின்ன வேண்டுகோள். இனிமேல் கடிதங்களை லேப் முகவரிக்கே அனுப்புங்கள். வீட்டில் தபாலை அவர்தான் முதலில் பிரிப்பார். அண்ணன் வெளியூரில் சர்வே வேலையில் இருப்பதாகத்தான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், உங்களுக்குப் புரியும்.

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். அண்ணனைத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல், எல்லாம்தான். உன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், கவரைக் கிழித்து உதறியும் பார்த்தேன். கோணல் பல் இருந்தது, வெயில் இருந்தது, தொப்பி இருந்தது. கையெழுத்தைத்தான் காணோம்.

மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொரு படிவம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை புள்ளியைப் பேனாவாலேயே வைத்திருக்கிறேன்.

இங்கே நடப்பதைக் கேள். நான் சட்டைக்குக் காஜா எடுக்கிற மெஷினில் உட்காருகிறேன் என்பது உனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை கண் செருகி, அறுபது சட்டைக்குப் பட்டன் பக்கத்தில் காஜா போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஓட்டை, பட்டன் தைக்க இடமில்லை. சூப்பர்வைசர் கத்தவில்லை. ஒரு சட்டையை விரித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "வீட்ல தூங்கவே மாட்டியாம்மா?" என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு கேள்வியில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

உன் பெரியம்மா போன வாரம் வந்திருந்தார். வழக்கமான பாட்டுதான். "அந்த வருஷம் தனிக்குடித்தனம் வேணும்னு நீ நச்சரிச்சே. அதுலதான் எம் புள்ளைக்கு மூளை கலங்கிப்போச்சு." பதினோரு வருஷமாக இதையே கேட்கிறேன். முதல் வருஷம் மறுத்துப் பேசினேன். இப்போது மறுப்பதில்லை. நச்சரித்தது உண்மைதானே. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் ஆபீஸ் போய்க்கொண்டு இருந்திருப்பாரோ என்று காஜா மெஷின் ஓடும்போதெல்லாம் மனசும் ஓடுகிறது.

போடுவாயா, மாட்டாயா? ஒரு வரி எழுது.

அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். மகளைப் பார்க்க வந்தார்கள். பிறகு எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது தேவலை. உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? படுக்கப் போகும் முன் வெந்நீரில் கால் வைத்துப் பாருங்கள்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒரு தெருவே சேர்ந்து அண்ணனைத் தாங்குகிறதே. இதைவிட நல்ல இடம் அவருக்கு எங்கே கிடைக்கும்? டாக்டரை மாற்றிப் பார்க்கலாமா? அங்கே காப்பகத்தில் ஜன்னல்களெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். வெளிச்சம் வரும், வெளியே பார்க்க முடியாது. நாள் முழுக்க ரோட்டில் நடந்தவரால் அதைத் தாங்க முடியுமா? இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள் அண்ணி.

பெரியம்மா சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 28

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உன் அண்ணனைக் காணவில்லை. இன்றோடு மூன்று நாள்.

பேப்பர் கடை அக்கா செய்த காரியம். கெட்ட எண்ணமே இல்லாத மனுஷி, அதனால்தான் அடிக்கவும் முடியவில்லை. அவர் வெயிலில் அலைவதைப் பார்த்து மனசு கேட்காமல், அன்று முனையைப் பிடிக்கும்போது வேண்டுமென்றே இரண்டடி பின்னால் தள்ளிப் பிடித்திருக்கிறார். "பாருங்க சார், ரோடு குறையல. ரெண்டடி வளந்திருக்கு! இனிமே அளக்கவே வேணாம், நிம்மதியா வீட்ல உக்காருங்க" என்றிருக்கிறார். நாமெல்லாம் இத்தனை நாளாக அளவைச் சரியாகத்தானே சொன்னோம், ஒரு நல்ல பொய் சொன்னால் ஆள் குணமாகிவிடுவாரோ என்று நினைத்தாராம்.

உன் அண்ணன் மூன்று தடவை அளந்து பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் இரண்டடி கூடுதல். "இந்த ரெண்டடி எங்கேர்ந்து வந்துச்சும்மா?" என்று கேட்டாராம். "எங்கேர்ந்தோ வந்துச்சு, விடுங்க சார்" என்று அக்கா சிரித்திருக்கிறார். "அப்படி வராதும்மா. யாரோட தெருவோ குறைஞ்சிருக்கு. பாவம், அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்." சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, ஆள் குணமாகி வீட்டுக்குத்தான் போகிறார் என்று சந்தோஷப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர், இன்று பேப்பர் கடையில் நேரமாகிறது போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். நான் ஆறு மணிக்கு வந்து பார்த்தபோதுதான் தெருவுக்கே தெரிந்தது.

அங்கே வந்தாரா? குறைந்தது உன் தெருதான் என்று நினைத்திருப்பாரோ? வந்தால் தயவுசெய்து உள்ளே கூப்பிட்டு உட்கார வை. உன் வீட்டுக்காரரிடம் யாரோ என்று சொல்லிக்கொள். எனக்குப் பரவாயில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கண்டேன். அண்ணன் இங்கே வரவில்லை. நான்கு நாளாக வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, கடைசி ஸீட் வரை பார்த்துவிட்டு இறங்குகிறேன். நேற்று ஒரு கண்டக்டர், "தினம் யாரைம்மா தேடுறீங்க?" என்று கேட்டார். வாய் வரை வந்தது, "எங்க அண்ணன்" என்று சொல்லவில்லை. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒருவேளை அவர் இறங்கியிருந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை தாளைக் கிழித்துப் போட்டேன்.

கிடைத்ததும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 15

நாத்தனாருக்கு,

ஆள் கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். இனிமேல் எங்கள் நலத்துக்கு இந்த அளவுதான்.

ஆறாம் நாள், இரண்டு ஊர் தள்ளி. யாருடைய தெரு இரண்டடி குறைந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தெருவாக அளந்துகொண்டே போயிருக்கிறார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் முனையை வீட்டு கேட்டுகளில் மாட்டி மாட்டி அளந்திருக்கிறார். திருட வருகிறவன் வீட்டுக்கு அடையாளம் வைக்கிறான் என்று நினைத்து விளக்குக் கம்பத்தில் கட்டி அடித்துவிட்டார்கள். இரண்டு விரல் முறிந்திருக்கிறது. இடது காது கேட்கவில்லை. நோட்டில் சாவிக்காரர் தன் கடை முத்திரையைக் குத்தி வைத்திருந்ததால் போலீஸ் அவருக்குச் சொல்லி, அவர்தான் கடையைப் போட்டுவிட்டு ஓடினார். "தங்கச்சி, நீ வராத. இந்தக் கோலத்துல நீ பாக்க வேணாம்" என்று என்னை நிறுத்திவிட்டு, குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டுக் கூட்டிவந்தார்.

இப்போது தெரு பழைய தெரு இல்லை. சலூன்காரர், "போலீஸ் வரைக்கும் போயாச்சு, நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார். கண்ணாடிக்காரர் உள்ளே போய் நின்றுகொள்கிறார். பேப்பர் கடை அக்கா ஒரு வாரம் கடை திறக்கவில்லை. உன் அண்ணனும் யாரையும் நம்புவதில்லை. முனையை எங்கே பிடித்திருக்கிறார்கள் என்று பத்து தடவை ஓடிப் போய்ப் பார்க்கிறார். நோட்டில் இப்போது ஒரே ஒரு கையெழுத்துதான், சாவிக்காரருடையது.

ஒன்று சொல்கிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓய்வாக இருப்பதாக எழுதினேனே, பொய். ஞாயிற்றுக்கிழமை நான் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கதவுக்கு வெளியே சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். ஆறு நாள் சேர்ந்த அசதி. உள்ளே அவர் கதவைத் தட்டித் தட்டி, "கடைசி வீடு விழுந்துடும், திறம்மா, திறம்மா" என்று கெஞ்சுவார். கெஞ்சக் கெஞ்ச நான் தூங்கியிருக்கிறேன். போன ஞாயிறு முறிந்த விரலாலேயே தட்டினார். அப்போதும் நான் திறக்கவில்லை. ஒரு நிமிஷம், இந்தச் சத்தம் நின்றால் போதும், எப்படி நின்றாலும் சரி என்று நினைத்தேன். நினைத்தது நான்தான். அதனால்தான் பயந்து போய்க் கேட்கிறேன். என்னிடமிருந்து அவரைக் காப்பாற்று. கையெழுத்துப் போடு.

இன்னொன்று. அங்கே ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லையே.

அண்ணி

*

மே 27

அண்ணி,

உங்கள் நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்காமல் கடிதம் தொடங்க வரவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஜன்னல்களை நான் பார்த்திருக்கிறேன். இதே படிவத்தில் நான் கையெழுத்துப் போடுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை என் அம்மாவுக்காக.

எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அண்ணன் சர்வே பயிற்சிக்காக நான்கு மாதம் மலைப்பக்கம் போயிருந்தார். அம்மா வீட்டில் இருக்கிற கிண்ணம், தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, நிமிர்த்தினால் அழுவார். கிணற்றங்கரைக்குப் போகிறவர்களை மறித்து வீட்டுக்கு அனுப்புவார். எனக்கு இடம் அமைந்திருந்தது. "உங்கம்மா இந்த வீட்ல இருந்தா எவன் உன்னைக் கட்டுவான்?" என்றார் பெரியப்பா. பெற்ற பிள்ளைதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். அண்ணனுக்கு, அம்மா காய்ச்சலில் போய்விட்டதாகத் தந்தி கொடுத்தோம். அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து மூன்று நாள் அழுததை நானும் பெரியம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

அம்மா அங்கே ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். நான் இரண்டு தடவை போனேன்.

உங்களைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா உயிரோடுதான் இருந்தார் அண்ணி. நீங்கள் தட்டை நீட்டி, "உங்க அம்மா எப்படி இறந்தாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள். காய்ச்சல் என்றேன். அந்த வீட்டு நோய் என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

அண்ணனை அதே இடத்துக்கு அனுப்ப என் கை எழவில்லை. உங்களிடம் மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் படித்தபிறகு போட்டுவிட்டேன்.

நாத்தனார்

*

ஜூலை 7

நாத்தனாருக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கம்பெனி வாசலில் நின்றே படித்தேன். உன் அம்மாவுக்காக அழவில்லை, மன்னித்துக்கொள், எனக்காகத்தான் அழுதேன். என் நச்சரிப்பால்தான் ஒரு மனுஷன் மூளை கலங்கினான் என்று பதினோரு வருஷம் தினமும் என்னை நானே தின்றிருக்கிறேன். உன் பெரியம்மா தெரிந்துகொண்டே திட்டினார். நீ தெரிந்துகொண்டே சும்மா இருந்தாய். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதினாயே, எந்தக் கையால் எழுதினாய்? ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இதை இந்த ஜென்மத்தில் மன்னிப்பேனா என்று தெரியாது.

ஜூன் 12 அவரைச் சேர்த்துவிட்டேன். சாவிக்காரரும் கூட வந்தார். உள்ளே போனதும் உன் அண்ணன் நீண்ட வராந்தாவைப் பார்த்தார். என்னிடம் முனையைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பிடித்தேன், நம்புவாயா? வீட்டில் நான் பிடித்ததே இல்லை. பிடித்தால் பைத்தியத்துக்கு உடந்தை என்று பிடிவாதம். அளந்து முடித்து, "எழுபத்தாறு அடி. ரெண்டு பக்கமும் செவுரு இருக்கு, இது குறையாது" என்றார். அப்புறம் என்னை நன்றாகப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அப்படிப் பார்த்ததில்லை. "நான் இங்க இருந்துக்கறேன். நீ போய்த் தூங்கும்மா" என்றார்.

போய்த் தூங்கினேன். பதினாறு மணி நேரம். கனவுகூட வரவில்லை. எழுந்து பல் தேய்த்து, சூடாகக் காபி குடித்து, என்ன நிம்மதி என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் அவர் ஞாபகமே வந்தது. இதை இந்தத் தெருவில் யாரிடமும் சொல்ல முடியாது. நீயும் கையெழுத்துப் போட்டவள், உன்னிடம் சொல்லலாம்.

இரண்டாவது ஞாயிறு பார்க்கப் போனேன். ஸ்டீல் என்பதால் டேப்பை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்களாம். கட்டிலில் வலது கையை மூடிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதையோ பிடித்திருக்கிற கை. சாப்பிடக்கூடத் திறப்பதில்லை, இடது கையால் சாப்பிடுகிறார். "யாராச்சும் அந்தப் பக்கம் புடிங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாராம். அங்கே யாருக்கும் நேரமில்லை. நாலைந்து கிலோ இளைத்துவிட்டார்.

சாவிக்காரர் தனியாக ஒருநாள் போயிருக்கிறார். சொந்தமில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஏழு வருஷம் தினம் ஐந்து நிமிஷம் முனையைப் பிடித்தவர் சொந்தமில்லை. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத நீ சொந்தம். வந்த ஆத்திரத்தில் அந்த மனுஷன் நேராகத் தெருவுக்கு வந்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். என்ன பேசினாரோ, வெள்ளிக்கிழமை எல்லோரும் சலூனில் கூடினார்கள். சலூன்காரர் தலை குனிந்து, "நான் பயந்துட்டேன்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு யார் என்று கேட்டேன். அன்றைக்குக் கடை இல்லாவிட்டாலும் ஆள் உண்டு, முறை போட்டு வருகிறோம் என்றார்கள். பேப்பர் கடை அக்கா எழுந்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: "அளவுல யாரும் பொய் சொல்லக் கூடாது. நல்லதுக்குன்னாலும் கூடாது."

அவரைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறேன். ஆனால் சேர்த்த இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம். தபாலில் செல்லாது. அதனால் நீ வர வேண்டும். உன் வீட்டில் என்ன சொல்வாயோ அது உன் பாடு. உன் மகளிடம் மறைத்தாவது வா, சொல்லிவிட்டாவது வா. வராவிட்டால் இன்னும் ஆறு வருஷம் அவர் அந்தக் கையைத் திறக்க மாட்டார்.

காத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன். காத்திருந்து பழகியவள் என்று உனக்கே தெரியும்.

அண்ணி

*

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் காப்பகத்துக்கு எதிரில் இருக்கும் லாட்ஜின் வாட்ச்மேன். தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

புதன்கிழமையே வந்துவிட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மகள்தான் பஸ் ஏற்றிவிட்டாள். "பாட்டி பேர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டாள். இருபது வருஷம் வளர்த்த பிள்ளைக்கு அதைக்கூட நான் சொன்னதில்லை.

நேராக உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. தனியாகவே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு, பிறகு வரலாம் என்று நினைத்தேன். முடியவில்லை அண்ணி. நான்கு நாளாகத் தினமும் ரோட்டைக் கடந்து வாசல் வரை போகிறேன். பெயர் எழுதுகிற மேஜை தெரிகிறது. அங்கே நின்று திரும்பி வந்துவிடுகிறேன். என் அறை ஜன்னலிலிருந்து அந்த வாசல் தெரிகிறது. காலை முதல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவை அம்மாவைப் பார்க்கப் போனபோது, அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேம்மா" என்றேன். உடனே விட்டுவிட்டார். துணியை நீவி விட்டு, "வர்றப்போ எனக்குச் செருப்பு எடுத்துட்டு வா, வெறுங்காலோட வீட்டுக்கு வரமாட்டேன்" என்றார். நான் போகவே இல்லை. உள்ளே போனால் அந்தக் கட்டிலில் அம்மா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது. பைத்தியம் என்று சொல்லாதீர்கள், எனக்கும் அந்த ரத்தம்தான்.

நாளை ஞாயிறு, பார்வையாளர் நாள். கையெழுத்தும் நாளைக்கே போடலாம் என்றார்கள். திட்டிக்கொண்டே வாருங்கள், மன்னிக்காமலே வாருங்கள், எதுவானாலும் சரி. பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போங்கள் அண்ணி. தனியாக எனக்கு வராது.

நாத்தனார்